பழைய பேர் தெரியுமாம்

போன ஞாயிற்றுக்கிழமையில இருந்து பொறுத்துப் பொறுத்துப் பாத்திட்டன், இனியும் எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. ஒரு பெடியன் பேர் மாத்தி, புது ஐசி (அடையாள அட்டை) எடுத்து, சந்தோசத்தில அதைப் படம் எடுத்துப் பேஸ்புக்கில போட்டவன் (நம்பரை மறைச்சிருக்கலாம், அது வேற கதை). அதுக்குக் கீழ பெரிய மனிசர் ஒருத்தர் வந்து "கோட்டுக்குப் போய் மாத்தினாலும் பழைய பேர் எங்களுக்குத் தெரியும் தம்பி" எண்டு எழுதுறார். அதுக்கு 43 ஹாஹா. எண்ணிப் பாத்தனான்.

ஐயா, முதல் விசயம், இஞ்ச இலங்கையில பேர் மாத்தக் கோட்டுக்குப் போகத் தேவையில்லை. 1951ம் ஆண்டு 17ம் இலக்க பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, அதில 27ம் பிரிவு. பிரதேச செயலகத்தில விண்ணப்பம் குடுத்து, அந்தப் பேரைப் பாவிச்சு வந்ததுக்கு ஆதாரம் காட்டினால் பதிவில ஏத்துவினம். பழைய பேரும் அழியாது, அந்தப் பதிவிலயே கிடக்கும். ஆகவே "எங்களுக்குத் தெரியும்" எண்டு நீங்கள் காவல் நிக்க வேண்டாம், அந்த வேலையை அரசாங்கமே பாக்குது.

அவன் ஏன் மாத்தினவன் எண்டு எனக்குத் தெரியாது, கேக்கவும் மாட்டன். அவன்ர பேர் அவன்ர. அவ்வளவுதான் விசயம்.

என்ர அப்பா 1949ல பிறந்தவர். அப்பப்பா பதியப் போய் "செல்லத்துரை" எண்டு சொன்னவராம். பதிஞ்சவர் "துரையோ?" எண்டு சிரிச்சவராம். அப்பப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, கைநாட்டு வச்சிட்டு வந்திட்டார். ஆறு வருசம் கழிச்சுப் பள்ளிக்கூடத்தில சேக்கப் போகேக்க தலைமை வாத்தியார் வாசிக்கத்தான் தெரியும், அதில "செல்லன்" எண்டு எழுதிக் கிடக்கு. அந்த வாத்தியார் நல்ல மனிசன், இடாப்பில தானாவே "செல்லத்துரை" எண்டு எழுதி விட்டவர். அண்டையில இருந்து என்ர அப்பா ரெண்டு மனிசர். வேலைக்குச் சேரேக்க, கலியாண எழுத்துக்கு, காணி உறுதி முடிக்கேக்க, பென்சன் எடுக்கேக்க எண்டு ஒவ்வொருக்காவும் சமாதான நீதவானிட்டப் போய் "செல்லனும் செல்லத்துரையும் ஒருவரே" எண்டு சத்தியக் கடதாசி. தான்தான் தான் எண்டு ஒரு மனிசன் எத்தினை தரம் சத்தியம் பண்ணுறது? 95ல யுத்தத்தால யாழ்ப்பாணச் சனம் இடம்பெயரேக்க, நாவற்குழிப் பாலத்தில சனத்துக்குள்ள நெரிபட்டுப் போகேக்கயும் செல்லத்துரை எண்டு பேர் கிடந்த பள்ளிக்கூடச் சேர்ட்டிபிக்கற்றை சொப்பிங் பையில சுத்தி, சேட்டுக்குள்ள வச்சுக் கொண்டுதான் நடந்தவர். அம்மா நகையை விட்டிட்டு வந்திட்டா, அவர் அதை விடேல்ல. கடைசியா 2010ல, 61 வயசில, அதைக் காட்டித்தான் மாத்தினவர். என்ர பிறப்புப் பதிவில தகப்பன் பேர் இண்டைக்கும் செல்லன்தான்.

இப்ப ஒருத்தர் வந்து எழுதுவார், "தாய் தேப்பன் வச்ச பேரை மாத்துறது அவையளை அவமதிக்கிறது" எண்டு. எங்க வச்சவை? வைக்க விட்டாத்தானே. இன்னொருத்தர், கள்ளர் காவாலி ஒளிக்கிறதுக்கு மாத்துவாங்கள் எண்டுவார். ஐசி நம்பர் மாறாது, பழைய பேரும் பதிவில கிடக்கு, பிறகெங்க ஒளிக்கிறது? நியூமரோலஜி பாத்து மாத்துறவை? ஓம், இருக்கினம். என்ர சகலன் இங்கிலிஸ் பேரில ஒரு எச் கூட்டினவர், கடை இன்னும் நட்டத்திலதான் ஓடுது. ஆனா அதுவும் அவற்ற பேர், அவற்ற எச்.

என்ர மாமாவின்ர மகன் கலிபோர்ணியாவில. அங்க போமில தேப்பன்ர பேர் லாஸ்ற் நேம் ஆகிப்போச்சு, ஒபிஸில எல்லாரும் மாமாவின்ர பேரைச் சொல்லித்தான் இவனைக் கூப்பிடுவினமாம். அவன்தான் உண்மையாவே கோட்டுக்குப் போனவன். மனுப் போட்டு, கிழமைக்கு ஒருக்கா 4 கிழமை பேப்பரில விளம்பரம் குடுத்து மாத்தினவன். அதைப் பேஸ்புக்கில போட, இதே பெரிய மனிசர் "வாழ்த்துக்கள் மகன்" எண்டு ரெண்டு கும்பிடு போட்டவர். அங்க வாழ்த்து, இஞ்ச "பழைய பேர் தெரியும்". ஏன் ஐயா?

இன்னும் பின்னால போவமே. வட்டுக்கோட்டைச் செமினறி, 1823ல அமெரிக்கக் கிறிஸ்தவ மிசன் துவங்கின பள்ளிக்கூடம். அங்க படிச்ச எங்கட பெரியாக்களின்ர பேரைப் பாருங்கோ: நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, எவார்ட்ஸ் கனகசபைப்பிள்ளை. எவார்ட்ஸ் எண்டது அந்த மிசன் சபையில செயலாளரா இருந்த வெள்ளைக்காரன்ர பேர். ஆராவது ஹாஹா போட்டவையோ? அவையளுக்கு விழா எடுப்பம், மலர் போடுவம். அந்தப் பேரெல்லாம் பெருமை. ஒரு சாதாரணப் பெடியன் தன்ர பேரைத் தானே எழுதினால் மட்டும் பகிடி.

சாதி எண்ட சொல்லைப் பாவிக்காமல் இதை எழுதி முடிக்கலாம் எண்டு நினைச்சன். முடியேல்ல. "பழைய பேர் தெரியும்" எண்டால் அதுதான் அர்த்தம், எழுதினவருக்கும் தெரியும், சிரிச்ச 43 பேருக்கும் தெரியும். சாதி பாத்து ஒதுக்கிறதைத் தடுக்க 1957ல சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது, அதுக்குப் பிறகும் 1968ல மாவிட்டபுரத்தில உள்ள போக விடச் சொல்லிக் கோயில் வாசலில அடிபட்டம். கேட்டால் "இப்ப அதெல்லாம் ஆர் பாக்கினம்" எண்டுவினம். பாக்கேல்லைத்தான், கொமென்ற் மட்டும்தான் போடுறியள்.

அப்பா மோசம் போகேக்க மரண அறிவித்தலில பெரிசா செல்லத்துரை எண்டு போட்டனான். செத்த வீட்டில ஒரு கிழவர் கதிரையில இருந்து கொண்டு "செல்லன் நல்ல பெடியன்" எண்டார். அப்பாவுக்கு அப்ப 70 வயசு. நான் ஒண்டும் பேசேல்ல, தேத்தண்ணி குடுத்தனான். அண்டைக்குப் பேசாமல் விட்டதும் சேத்துத்தான் இப்ப எழுதுறன் போல.

அந்த 43 பேருக்குள்ள என்னோட ஏஎல் படிச்ச ஒருத்தனும் நிக்கிறான். அப்பாவின்ர எட்டாம் நாள் சடங்குக்கு வந்து ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டவன். மச்சான், நீ இதை வாசிப்பாய் எண்டு தெரியும். அந்த ஹாஹாவை எடு. ஸ்கிரீன்ஷொட் என்னட்ட இருக்கு.