வெண்ணெய்தான், ‘ஃப்ளட்டர்பை’ இல்லை

‘பட்டர்ஃப்ளை’யின் பழைய பெயர் ‘ஃப்ளட்டர்பை’ என்றும், சிறகடித்துப் பறப்பதால் வந்த அந்தப் பெயர் பிறகு எழுத்து மாறிப்போனது என்றும் ஒரு தகவல் சுற்றுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தவறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலச் சுவடிகளிலேயே இந்தச் சொல் ‘புட்டோர்ஃப்ளியோகெ’ என்றுதான் இருக்கிறது. முன்பாதி வெண்ணெய். பின்பாதி ஈ, அன்றைக்குப் பறக்கிற பூச்சி எதையும் அப்படித்தான் சொன்னார்கள்.

சரி, பூச்சிக்கு எதற்கு வெண்ணெய்? மஞ்சள் சிறகைப் பார்த்து வைத்த பெயர் என்கிறார்கள் சிலர். பாலையும் வெண்ணெயையும் பட்டாம்பூச்சி திருடித் தின்னும் என்ற ஐரோப்பியர்களின் பழைய நம்பிக்கையைக் காட்டுகிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் வலுவாகப் படுகிறது. ஜெர்மன் மொழியில் பட்டாம்பூச்சி ‘ஷ்மெட்டர்லிங்’. அதற்குள் இருக்கும் ‘ஷ்மெட்டன்’ என்ற வட்டாரச் சொல்லுக்குப் பொருள் பாலாடை.