மோட்டாரைத்தான் சொன்னேன்

(வீட்டின் கொல்லைப்புறம். மரச்சட்டத்தில் ஒரு சிறிய படகு மோட்டார் மாட்டியிருக்கிறது. பக்கத்தில் தண்ணீர் டிரம். ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்தபடி மருமகன் நிற்கிறார். மாமனார் ஓடிவருகிறார்.)

மாமனார்: மாப்பிள்ளை, இழுக்காதீர்கள்! மாப்பிள்ளை! காதில் என்ன மாட்டியிருக்கிறீர்கள்?

மருமகன்: (கழற்றி) மோட்டாரோடு கொடுத்தார்கள் மாமா. சத்தம் கேட்காமல் இருப்பதற்கு. பாதிச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது, மட்டமான தயாரிப்பு.

மாமனார்: அது உங்கள் காதுக்கு இல்லை. மோட்டாரின் அடிப்பகுதியில் தண்ணீர் இழுக்கும் துளைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் மேல் இரண்டு பக்கமும் கவ்வவைத்து, தோட்டத்துக் குழாயை மாட்டித் தண்ணீர் விடுவதற்கான ரப்பர்க் கிண்ணங்கள்.

மருமகன்: அதனால்தான் என் தலைக்குச் சின்னதாக இருந்தது! வளைத்ததில் கம்பி ஒடிந்துவிட்டது. போகட்டும், ஒரு நிமிடம் தண்ணீர் இல்லாமலே ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.

மாமனார்: மடையன்!

மருமகன்: மாமா?

மாமனார்: மோட்டாரைச் சொன்னேன். தண்ணீர் இல்லை என்று அதற்கு வாய் திறந்து சொல்லத் தெரியவில்லை பாருங்கள். உள்ளே இம்பெல்லர் என்று ஒரு ரப்பர்ச் சக்கரம். அது சுழன்று தண்ணீரை மேலே ஏற்றினால்தான் எஞ்சின் குளிரும். அந்த ரப்பர் தேயாமல் வழுக்கி ஓடுவதும் அதே தண்ணீரால்தான். வறண்டு சுழன்றால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே கருகிக் கிழிந்துவிடலாம்.

மருமகன்: மேலே நான் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தால்?

மாமனார்: மூடி குளிரும், எஞ்சின் வேகும். டிரம்மை அடியில் தள்ளுங்கள். புரொப்பல்லருக்கு மேலே தகடு தெரிகிறதே, அதற்கும் மேலே தண்ணீர் நிற்க வேண்டும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது.

மருமகன்: நியூட்ரலில் அது சுற்றாதே மாமா. எதற்கு வீண்வேலை?

மாமனார்: சரி, கியரைத் தொடாதீர்கள். பெட்ரோலில் எண்ணெய் கலந்தீர்களா?

மருமகன்: லிட்டருக்கு 20 மில்லி. கையேட்டில் 50-க்கு 1 என்று போட்டிருக்கிறது.

மாமனார்: (சற்று ஏமாற்றத்துடன்) சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

(கயிற்றை இழுக்கிறார். ஓடுகிறது. சிறிது நேரத்தில் இருமி நின்றுவிடுகிறது.)

மாமனார்: டேங்க் மூடியில் காற்றுத் திருகைத் திறந்தீர்களா?

மருமகன்: பெட்ரோல் ஆவியாகிவிடுமே என்று இறுக்கி மூடினேன்.

மாமனார்: அறிவு கெட்ட...

மருமகன்: மாமா?

மாமனார்: டேங்க். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் வெளியே வராது என்பது அதற்குத் தெரிய வேண்டாமா?

(திறந்து மறுபடியும் ஓட்டுகிறார்கள்.)

மாமனார்: நிறுத்துங்கள்! பின்னால் அந்தச் சின்னத் துளையைப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்ச வேண்டும், சொட்டுக்கூட வரவில்லை. கடலில் ஓட்டிவிட்டு அலசாமல் வைத்தால் உப்பு உறைந்து அடைத்துக்கொள்ளும்.

(நைலான் தூண்டில் நரம்பை விட்டுக் குத்துகிறார்கள். மறுபடியும் ஓட்டியதும் தண்ணீர் பீறிட்டு மாமனாரின் சட்டையில் அடிக்கிறது.)

மாமனார்: ஆகா, வருகிறது! பத்து நிமிடம் ஓடட்டும். உப்பெல்லாம் கரைந்து வெளியேறிவிடும்.

மருமகன்: தூறல் விழுகிறதே, அப்படியே வீட்டுக்குள் நகர்த்திவிடலாமா?

மாமனார்: புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது மாப்பிள்ளை. என் மகளை நினைத்துப் பாருங்கள்.

மருமகன்: சரி, இங்கேயே இருக்கட்டும். இருந்தாலும் ஒரு சந்தேகம். ஓடுகிறது, தண்ணீரும் வருகிறது. படகைத் தள்ளுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாமனார்: (டிரம்மின் மேல் குனிந்து, எண்ணெய்ப் படலத்தைப் பார்த்தபடி) அதைக் கடலில் தெரிந்துகொள்ளலாம்.

மருமகன்: இங்கேயே ஒரு நொடி...

(கியர் விழும் சத்தம். டிரம்மில் இருந்த தண்ணீரில் பாதி மாமனாரின் மேல். மருமகன் பதறிப்போய் மோட்டாரை நிறுத்துகிறார்.)

மாமனார்: முட்டாள்!

மருமகன்: மோட்டாரையா மாமா?

மாமனார்: (முகத்தைத் துடைத்துக்கொண்டு) இல்லை மாப்பிள்ளை. மோட்டார் நன்றாகவே வேலை செய்கிறது.