பூட்டைப் பாருங்கள், எஃகு பிறகு

உங்கள் கட்டுரையில் எஃகின் பெயரை வைத்தே மடக்குக் கத்தியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியது பூட்டு, அதாவது விரித்த அலகு மடங்காமல் பிடித்து நிறுத்தும் அமைப்பு. லைனர் லாக் (பிடிக்குள் இருக்கும் மெல்லிய உள்தகடு அலகின் பின்னால் வந்து தாங்கும் பூட்டு) என்றால், அலகை விரித்ததும் அந்த உள்தகடு அலகின் அடிப்பாகத்தில் கால் பங்கிலிருந்து பாதிவரை ஏறி நிற்க வேண்டும். ஓரத்தில் மட்டும் தொட்டு நின்றால், அழுத்தும்போது நழுவிக் கத்தி விரல்மேல் மடங்கிவிடும். மறுகோடிவரை போயிருந்தால் இனித் தேய இடமில்லை. அலகைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம், அலகு சுழலும் அச்சுத் திருகைச் சற்று இறுக்கினால் பெரும்பாலும் போய்விடும். மேலும் கீழும் ஆடினால் அது பூட்டின் குறை, திருகால் தீராது. அந்தக் கத்தி வேண்டவே வேண்டாம்.

டி2 எஃகு கூர்மையை நெடுநாள் தாங்கும், ஆனால் துருப்பிடிக்கும். வியர்வை படும் பையில் வைப்பவர்களுக்கு 14சி28என் என்ற எஃகு மேலானது, தீட்டவும் எளிது. வெட்டு சுலபமாக இறங்குவதில் எஃகைவிடக் கூர்விளிம்புக்குச் சற்று மேலே உள்ள தடிமனுக்கே பங்கு அதிகம்: அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் அட்டைப்பெட்டி தடையின்றி அறுபடும். 7-8 செ.மீ. அலகு அன்றாட வேலைக்குப் போதும் (நீளத்துக்கும் பூட்டுக்கும் சட்ட வரம்பு இடத்துக்கு இடம் மாறும், வாங்கும்முன் பாருங்கள்).

மடங்காத கத்தி என்றால் எஃகு பிடியின் கடைசிவரை ஓடுகிறதா என்று கேளுங்கள். உறையைத் தலைகீழாகக் குலுக்கினாலும் கத்தி நழுவக்கூடாது.