பாட்டியின் பிடி அரிசி

புத்தாண்டு ஆராதனையில் எடுக்கிற தீர்மானங்கள் பொங்கலுக்குள் காணாமல் போய்விடுகின்றன என்று நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் வருத்தப்படுகிறார். சரிதான். ஆனால் அதற்குத் தினமும் ஒரு மணி நேர அதிகாலை ஜெபம்தான் மருந்து என்கிறாரே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. நேர்ந்துகொண்டு செய்யாமல் விடுவதைவிட நேராமல் இருப்பதே மேல் என்கிறது பைபிளில் பிரசங்கி 5:5. டிசம்பர் 31 நள்ளிரவில் அது யாருக்கு ஞாபகம் வருகிறது?

என் பாட்டி திருநெல்வேலிப் பக்கம். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். அது கர்த்தருக்கு. பாட்டில் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும் (தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்). கடன் வாங்கிய அரிசி என்றாலும் ஒரு பிடி உண்டு. தாத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டே சமைத்த நாட்களிலும்தான்.

நான் செய்வது இவ்வளவுதான்: காலையில் செல்போனைத் தொடும் முன் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம். 119ஆம் சங்கீதத்துக்கு மட்டும் தவணை முறை, 176 வசனமாயிற்றே! நடுவில் காய்ச்சலில் நான்கு நாள் விட்டுப்போனது. ஐந்தாம் நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.