ஊழியம் என்ற சொல்லும் ஒரு துண்டும்

ஊழியம் என்றால் பணிவிடை, அடிமை வேலை என்றுதான் பொருள். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் 'டியாகொனோஸ்' என்ற சொல்லும் பந்தியில் நின்று பரிமாறுகிறவனைக் குறிப்பதுதான். நாமோ இன்று பேர்பெற்ற போதகர்களைப் 'பெரிய ஊழியர்' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அந்த இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது எனக்கு உறுத்துகிறது.

இது புதிதாக வந்த நோய் இல்லை. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் கான்ஸ்டான்டிநோபிளின் பேராயர் உலகம் முழுமைக்குமான பட்டம் ஒன்றைச் சூடிக்கொண்டபோது, ரோமின் ஆயராக இருந்த முதலாம் கிரகோரி (590–604) அதைக் கடுமையாக எதிர்த்தார். தன்னைத் 'தேவனுடைய ஊழியர்களுக்கு ஊழியன்' என்று எழுதிக்கொண்டார். மனதார எழுதியிருப்பார் என்றே நம்புகிறேன். ஆனால் பின்னாளில் அதுவும் போப்பாண்டவர்களின் பட்டங்களில் ஒன்றாகிவிட்டது. தாழ்மையைச் சொல்லும் சொல்லைக்கூட நாம் கிரீடமாக்கிவிடுகிறோம்.

அதனால்தானோ என்னவோ, கடைசி இராப்போஜனத்தில் இயேசு பேச்சோடு நிறுத்தவில்லை. தங்களில் யார் பெரியவன் என்று சீஷர்கள் வாக்குவாதம் செய்தது அந்தப் பந்தியில்தான் என்கிறார் லூக்கா. புழுதி வழியே நடந்து வந்த கால்கள். கழுவ யாரும் எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் அது வீட்டின் கடைசி வேலைக்காரனுடைய வேலை. இயேசு எழுந்தார், மேலாடையைக் கழற்றி வைத்தார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அவரைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாஸ் அப்போது இன்னும் வெளியே போகவில்லை. அவனுடைய கால்களும் அந்தத் தண்ணீரில் நனைந்தன. இதை வாசிக்கும்போதெல்லாம் என்னால் அடுத்த வசனத்துக்குச் சட்டென்று போக முடிவதில்லை.

யோவான் 13-ஆம் அதிகாரத்தில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புவித்திருக்கிறார் என்று அறிந்தே அவர் எழுந்தார். தன்னைக் குறைவாக நினைத்ததால் வந்த பணிவு இல்லை அது. தான் யார் என்று தெரிந்தவருக்கு இழக்கப் பயப்பட எதுவும் இருக்கவில்லை.

எனக்கு இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் சபையின் பாடகர் குழுவை நடத்தினேன். பொறுப்பை இளையவர் ஒருவரிடம் கொடுக்கலாமே என்று சபையில் கேட்டபோது, 'இது நான் வளர்த்த குழு' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை, ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. நாற்காலி அடுக்கவும் பாத்திரம் கழுவவும் நான் தயங்கியதே இல்லை; அதனால் தாழ்மை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கீழான வேலையைச் செய்வது எனக்குச் சுலபமாக இருந்தது. இடத்தை விட்டுக்கொடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லாரும் இயேசுவிடம் போகிறார்கள் என்று தன் சீஷர்களே வந்து சொன்னபோது, 'அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்' என்று, இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான் ஸ்நானகனால் எப்படிச் சொல்ல முடிந்தது என்று அந்த வாரம் முழுவதும் யோசித்தேன்.

தன் கால்களை இயேசு கழுவ வேண்டாம் என்று முதலில் மறுத்த சீஷர் பேதுருவும் அப்போதுதான் எனக்குப் புரிந்தார். மற்றவருக்குச் சேவை செய்யும்போது நாம் மேலே நின்றுகொள்ளலாம். பெற்றுக்கொள்ளும்போது அது நடக்காது.

இப்போது பின்வரிசையில் நின்று பாடுகிறேன். போன மாதம் ஒரு பாட்டில் நான் தவறாக இழுத்ததைப் புதிய தலைவர், என்னைவிட இருபது வயது சின்னவர், எல்லார் முன்னாலும் மெதுவாகத் திருத்தினார். முகம் சூடானது. அப்புறம், 'சரிங்க, இன்னொரு தடவை பாடிக் காட்டுங்க' என்று கேட்டேன்.