யாருடைய செலவு என்று கேட்டது எதிர்மறைச் சிந்தனையாம்

சீக்கிரமே ஓய்வு பெறுவது எப்படி என்று சொல்லித்தந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் 40 விநாடிக் காணொளித் துணுக்கை இதுவரை எனக்கே பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், மேடையில் பேசிய இளைஞர், அந்தத் தம்பி, "அம்மா, இப்படி எதிர்மறையாக யோசிப்பவர்களால் ஓய்வு பெறவே முடியாது" என்று சொல்வதும், அரங்கம் சிரிப்பதும் அதில் இருக்கின்றன. நான் கேட்ட கேள்வி மட்டும் இல்லை. ஆகவே அதை இங்கே எழுதிவைக்கிறேன்: "நீங்கள் சொல்லும் 25 மடங்கு யாருடைய செலவுக்கு? என் ஒருத்தியின் செலவுக்கா, என்னை நம்பி இருப்பவர்களின் செலவையும் சேர்த்தா?"

ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்துவிட்டால் 45 வயதில் வேலையை விட்டுவிடலாம் என்பது அவருடைய சூத்திரம். மாதம் 50,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 6 லட்சம், அதன் 25 மடங்கு ஒன்றரைக் கோடி. கணக்கு முடிந்தது, கைதட்டலும் முடிந்தது. இந்த 25 எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை. 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், தம் நாட்டுப் பங்கு, கடன்பத்திரச் சந்தைகளின் பழைய வரலாற்றை வைத்து, முதல் ஆண்டில் சேமிப்பில் ஏறத்தாழ 4 சதவீதத்தை எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அதை உயர்த்திக்கொண்டே போனாலும் 30 ஆண்டுகளுக்குப் பணம் தாங்கும் என்று கண்டார். முதல் ஆண்டுச் செலவு சேமிப்பில் 4 சதவீதம் என்றால், சேமிப்பு அந்தச் செலவின் 25 மடங்கு. 65 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு 30 ஆண்டு போதும். 45-இல் கோயம்புத்தூரில் வேலையை விடுகிறவர் 85 வரை இருந்தால் 40 ஆண்டு ஆகிறதே? விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுக்கொரு முறை செலவு இரட்டிக்கும். இன்றைய 50,000 ரூபாய், 57 வயதில் ஒரு லட்சம், 69-இல் இரண்டு, 81-இல் நான்கு. அதுவும் ஒருவருடைய செலவு மட்டும்.

இந்தியாவில் வட்டி அதிகம்தானே என்று அந்தத் துணுக்கின் கீழே ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், ஏற்கிறேன். ஆனால் நல்ல வட்டி தரும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் கதவு பொதுவாக 60 வயதில்தான் திறக்கும். பணி ஓய்வோ விருப்ப ஓய்வோ பெற்றவர்களுக்கு 55. வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியம் 58-இல். அதை 50-லிருந்தே கேட்டால், முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. 24 ஆண்டு வேலை பார்த்த எனக்கு வெட்டில்லாமல் வந்தாலும் அது மாதம் நாலாயிரத்தைத் தொடாது. அதை வைத்துக்கொண்டு ஊர் சுற்றலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால்.

நானும் திட்டம் போட்டவள்தான். பம்பு தயாரிக்கும் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் இருந்தேன். 50 வயதில் விடுவதென்று முடிவு செய்து, 2012-லிருந்து ஒரு நீள நோட்டில் பத்தி பிரித்து எழுதிவந்தேன்: மளிகை, பால், கரண்ட் பில், பள்ளிக் கட்டணம், கடைசியில் 'இதர'. 2021-இல் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. 3 லட்சத்துக்குக் காப்பீடு இருந்தது. அறை வாடகை நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வரைதான் என்ற வரியும் அதில் இருந்தது. கணக்குப் பிரிவில் இருந்த நானே அதைப் படிக்கவில்லை. 5,000 ரூபாய் அறையில் சேர்த்தோம். வாடகையில் மட்டும்தான் பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அறுவை மருத்துவர் கட்டணம், தியேட்டர் கட்டணம் என்று அதே விகிதத்தில் வெட்டி, நூற்றுக்கு அறுபதுதான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு பிசியோதெரபி, இரவில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், வாட்டர் பெட், பெரியவர்களுக்கான டயப்பர். நான்காவது மாதம் 'இதர' மளிகையைத் தாண்டியது. ஏழாவது மாதம் அந்தப் பத்தியில் எழுத இடமில்லாமல் மருந்துக்கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதி நோட்டோடு பின் அடித்தேன். 2022-இல், 47 வயதில், திட்டத்துக்கு மூன்றாண்டு முன்பாகவே ஓய்வு பெற்றுவிட்டேன். தம்பியின் அளவுகோலில் நானும் வெற்றியாளர்தான்.

பொறாமையில் கேட்டேன் என்று சிலர் எழுதுகிறீர்கள். கொஞ்சம் இருக்கலாம். 38 வயதில் 'ஓய்வு பெற்ற' அந்தத் தம்பி வாரத்துக்கு மூன்று வகுப்பு எடுத்து, தலைக்கு 4,999 ரூபாய் வாங்குவதை எங்கள் ஊரில் தொழில் என்பார்கள். நல்ல தொழில், நடக்கட்டும். இளைஞர்களைச் சேமிக்கத் தூண்டுகிறாரே என்கிறீர்கள். தூண்டட்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. யாருடைய செலவுக்குச் சேமிக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும் என்றுதானே கேட்டேன்?

"உங்கள் அண்ணன் பார்த்துக்கொள்ளலாமே" என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். முடியவில்லை. அண்ணன் பணம் அனுப்புகிறார். அதையும் நோட்டில் வரவு வைக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பது எந்தப் பத்தியிலும் வராது. மேடைத் தம்பி 38-இல் வேலையை விட்டால் அதற்குப் பெயர் நிதிச் சுதந்திரம். நான் 47-இல் விட்டால், "சும்மா வீட்டில்தானே இருக்கிறாள்" என்று என் சொந்தச் சித்தியே கல்யாண வீட்டில் சொல்கிறார். வேலையை விட்ட மாதத்திலிருந்து என் வருங்கால வைப்பு நிதியில் சந்தா ஒரு ரூபாய்கூடச் சேரவில்லை என்பதைச் சித்தியும் கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை.

முழுக் காணொளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெற்றோர் தன் தங்கை வீட்டில் இருப்பதாக மேடைத் தம்பியே தொடக்கத்தில் சொல்கிறார், போகிற போக்கில், சிரித்துக்கொண்டே. என் இரண்டாவது கேள்வி அந்தத் தங்கையைப் பற்றியது. அவர் வேலைக்குப் போகிறாரா, அவருடைய 25 மடங்கில் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

கதை விடுகிறேன் என்பவர்களுக்காக, நோட்டின் அந்த மூன்று பக்கங்களையும், பின் அடித்த பில்லோடு, படமெடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். மருந்துகளின் பெயரை மட்டும் மறைத்திருக்கிறேன். தொகைகள் அப்படியே இருக்கின்றன, கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.