காருக்கு இடம் உண்டு, ஆளுக்கு இல்லை

நகரத்தில் காலி அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கும்; வாடகைக்கு ஒற்றை அறை மட்டும் கிடைக்காது. கேட்டால் "ஜனம் பெருகிப்போச்சு" என்று ஒரு சால்ஜாப்பு. ஆண்டுக்கு 3 சதவீதம் வளரும் நகரம் 24 ஆண்டுக்குள் இரட்டிப்பாகும். இது பள்ளிக்கூடக் கணக்கு. பிழைக்க வருகிறவர் பையோடு இன்றே இறங்கிவிடுவார். வீடு அப்படி வராது. பத்திரத்தில் வில்லங்கம் தீர வேண்டும், வரைபட அனுமதி, கடன், அதற்குப் பிறகுதான் கடைக்கால். அதுவரை ஏறுவது வாடகைதான்.

இதில் எரிச்சலின் உச்சம், வீடு கட்டினால் காருக்கும் இடம் விட்டே ஆக வேண்டும் என்று பல நகரங்களில் இருக்கும் வண்டி நிறுத்த விதி. ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். உள்ளே வந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால் 25ஐத் தொடும். ஒரு சின்னக் குடும்பமே குடியிருக்கலாம்! கார் இல்லாதவர் வாங்கும் வீட்டின் விலையிலும் அந்தச் செலவு ஏறி உட்கார்ந்திருக்கும்.

இத்தனை அளவுக்குக் குறைந்த மனையில் வீடு கட்டக் கூடாது என்கிற குறைந்தபட்ச மனை அளவு விதி இன்னொரு கூத்து. அந்த அளவு மனை வாங்க முடியாதவர் ஓடைக்கரையில் குடிசை போடுவார். பிறகு "ஆக்கிரமிப்பு" என்று நோட்டீஸ். 30 கிலோமீட்டர் தள்ளி மாற்று வீடு. கூலியில் பாதி பேருந்துக்கே போனால் யார் அங்கே இருப்பார்? பூட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். அந்தப் பூட்டிய வீடும் காலி வீட்டுக் கணக்கில்தான் சேரும்.